‘டென்ஷன் ஆகாதே’ என்னும் பழிச்சொல்



கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் போகும் பெண்ணுக்கு உறவும் நட்பும் ஓயாமல் வழங்கும் அறிவுரை, “டென்ஷன் ஆகாதே, மனசை லேசா வச்சுக்கோ, தானா தங்கும்” என்பதாகும். பரிவோடு சொல்லப்படும் இச்சொல், சிகிச்சை தோற்ற மறுநாளே “நீ கவலைப்பட்டதால்தான் தங்கவில்லை” என்று அவள்மீதே பழியாகத் திரும்புகிறது. இப்பழிக்கு அடிப்படை இல்லை. உளவியல் ஆய்வாளர் ஜாக்கி பாய்வினும் அவர் குழுவினரும் 14 ஆய்வுகளைச் சேர்ந்த 3,583 பெண்களின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, சிகிச்சைக்கு முன்பிருந்த மனவேதனைக்கும் அச்சிகிச்சைச் சுற்றில் கருத்தரிப்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். ஆகவே அவளது மனத்தைப் பேணவேண்டியது கரு தங்கவேண்டும் என்பதற்காக அன்று. அவள் வேதனைப்படுகிறாள் என்ற ஒரே காரணம் போதும்.

மருத்துவத் திறனுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம் புனே. 2017 மே மாதம் கேலக்ஸி கேர் மருத்துவமனையில் மருத்துவர் சைலேஷ் புந்தாம்பேகர் தலைமையிலான குழு இந்தியாவின் முதல் கருப்பை மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தது. தன் தாயின் கருப்பையைப் பெற்ற பெண்ணொருத்தி 2018 அக்டோபரில் அங்கேயே ஒரு பெண்குழந்தையை ஈன்றாள். குழந்தையின் எடை 1,450 கிராம் என்பதுவரை செய்தியாயிற்று. அந்தத் தாய் மனத்தில் சுமந்ததை நிறுக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

நிறுக்கக் கருவி இல்லாமலும் இல்லை. அதே பாய்வினும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘ஃபெர்ட்டிகுவால்’ என்னும் வினாத்தாள், கருத்தரிப்புச் சிக்கல் உடையோரின் உணர்வு, உடல்–மனம், இல்லறம், சமூக உறவு ஆகியவற்றோடு சிகிச்சை அனுபவத்தையும் 36 வினாக்களால் அளந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. அம்மதிப்பெண்ணுக்குப் பின்னுள்ள வாழ்க்கை ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களிலேயே தெரியும்: ஊசி மருந்தை அலுவலக ஃபிரிட்ஜில் டிபன் பாக்ஸுக்குப் பின்னால் மறைத்து வைத்து, மீட்டிங்குக்கு நடுவே கழிவறையில் நின்று வயிற்றில் தானே குத்திக்கொண்டு, கரு வைத்தபின் ரத்தப் பரிசோதனை வரையிலான ஏறத்தாழ இரண்டு வாரங்களையும் வாய் திறவாமல் கழிக்கும் பெண்களின் வாழ்க்கை அது. சங்கராந்தி வந்தால் ஹல்தி–குங்குமத்தில் மராத்தி அண்டைவீட்டார் பிள்ளைப்பேற்றை வாழ்த்தித் தேங்காயும் அரிசியும் மடியில் இட்டு ‘ஓட்டி’ நிரப்புவார்கள், தமிழ் வீட்டு அத்தையோ மஞ்சள் பூசும்போதே “ஏதாவது விசேஷம் உண்டா?” என்பாள். கணவனிடம் அப்படிக் கேட்பார் அரிது. குறை ஆணிடமும் இருக்கலாம் என்பது ஊரறிந்த உண்மையாக இருந்தும், விசாரணைக்கு நிற்பவள் மனைவிதான்.

சட்டம் என்ன செய்கிறது? 2021ஆம் ஆண்டின் உதவிசார் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, ஆபத்து ஆகியவற்றைப் பற்றித் தம்பதியருக்கு ஆலோசனை தரச் சிகிச்சை மையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. நல்லது, ஆனால் அவை முடிவெடுக்க உதவும் தகவல்கள், தோற்றபின் வரும் துக்கம் அப்பட்டியலில் பெயர்சொல்லி இடம்பெறவில்லை. அச்சட்டத்தின்கீழ் வந்த 2022ஆம் ஆண்டின் விதிகளோ உளவியல் பட்டதாரியோடு செவிலியர் பட்டதாரியையும் உயிர் அறிவியல் பட்டதாரியையும் ஆலோசகராக ஏற்கின்றன. தாவரவியல் படித்தவரிடம் போய் ஒரு பெண் அழவேண்டுமா? காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இச்சிகிச்சையை விலக்குப் பட்டியலில் வைத்திருப்பதால், துக்கத்தின் மேல் கடனும் ஏறுகிறது.

ஆலோசகர் நாற்காலியில் உளவியல் பயின்றவரே அமரவேண்டும். வினாத்தாளை மராத்தியிலும் தமிழிலும் கணவன், மனைவி இருவருக்கும் கொடுத்து, அந்த மதிப்பெண்ணை ஸ்கேன் அறிக்கையோடு கோப்பில் சேர்க்க வேண்டும். பரிசோதனை முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்த வாரத்தில், அடுத்த சுற்றுக்கு நாள் குறிக்கும் பேச்சை எடுக்காமல், கட்டணமும் வாங்காமல், மையம் அவர்களை ஒருமுறை அழைத்துப் பேசவேண்டும்.