உயர்த்திய வண்டியும் விலகிய சக்கரமும்

கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துப் பலாப்பழமும் பூவும், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரை மீனும், தை பிறந்தால் வாடிவாசலுக்குப் போகும் காளைகளும் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரும்பாலும் பிக்அப் வண்டியில்தான் போகின்றன. பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது, தோப்புப் பாதையில் அடி தட்டுகிறது என்பதால் பலர் வண்டியை உயர்த்திவிடுகிறார்கள். பின் கமான் கட்டில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாகப் பட்டை சேர்ப்பது ஒரு வழி. அச்சுக்கும் கட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவது இன்னொரு வழி. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பது மூன்றாவது. எந்த வழியில் உயர்த்தினாலும் உயரம் மட்டும் மாறி நிற்பதில்லை. சக்கரங்களின் கோணமும் சேர்ந்தே மாறுகிறது.

சக்கரக் கோணங்களில் முக்கியமானவை மூன்று. முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். இரு முன்சக்கரங்களும் மூக்கை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருப்பி நிற்பது டோ. சக்கரம் எந்த அச்சைப் பிடித்துத் திரும்புகிறதோ, அந்த அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தான் ஓட்டத்தில் அது நேராக நிற்கிறது. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும் நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் போவதும் கேஸ்டரால்தான்.

பின்பக்கத்தை மட்டும் உயர்த்தும்போது முதலில் அடிபடுவது இந்தக் கேஸ்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் நீளம் உள்ள வண்டியில் பின்புறம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், வண்டி முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் ஏறத்தாழ 1 டிகிரி குறைந்துவிடும். பாரம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஸ்டியரிங் இலேசாகி, வண்டி இருபுறமும் அலைவதற்கு இதுவே காரணம். காளை ஏற்றிய வண்டியில் ஆபத்து இன்னும் கூடுதல். நின்றுகொண்டே வரும் காளையின் எடை உயரத்தில் இருக்கிறது, வளைவில் இடம் மாறுகிறது. உயர்த்திய வண்டியின் நிலைத்தன்மை அங்கே மேலும் குறைகிறது.

இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரு கைகளில் தனித்தனியே இயங்குகிறது. முன்பக்கத்தை உயர்த்தினால் அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சரிகின்றன. சக்கரத்தின் மேற்பகுதி பெரும்பாலும் வெளியே சாய்கிறது. சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடின் சரிவு மாறுவதால் டோவும் விலகுகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும், ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் சிறிது திரும்பும். முன்னாலும் ஒரே அச்சும் கமான் கட்டும் உள்ள வண்டிகளில் டை ராடு அச்சோடு சேர்ந்தே இருப்பதால் டோ அவ்வளவாக மாறாது. ஆனால் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டு சரிந்துவிடுவதால், வண்டி நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும்.

டயரை வேகமாகத் தின்பது டோ. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் 3 மில்லிமீட்டர் திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தரையோடு உரசுகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் அந்த உரசல் 200 மீட்டரைத் தாண்டிவிடும். டயரின் முகத்தில் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவினால் இது புலப்படும். ஒரு திசையில் வழவழப்பாக இருக்கும், எதிர்த் திசையில் பள்ளங்களின் விளிம்பு கையில் கூர்மையாகத் தட்டும். ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரேக்கும் பாதிக்கப்படலாம். பல பிக்அப்களில் பின் அச்சோடு ஒரு நெம்புகோலால் இணைந்த வால்வு உண்டு. வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு பாரத்தை அறிந்து, பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கிறது. உயர்த்திய வண்டி பாரத்தோடும் நிமிர்ந்து நிற்பதால், வால்வு அதை வெறும் வண்டி என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். முகப்பு விளக்கின் ஒளி விழும் இடமும், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சரிவும் அதேபோல் மாறுகின்றன.

சரிசெய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. டை ராடு எண்டு, பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆட்டம் உள்ள வண்டியில் எந்த அளவும் நிலைக்காது. பிறகு டயரில் காற்றைச் சரியாக நிரப்பி, முதலில் கேஸ்டரையும் கேம்பரையும் அமைத்து, ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, டோவைக் கடைசியில் வைக்க வேண்டும். மற்ற இரண்டும் மாறினால் டோவும் மாறிவிடும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். முன்னாலும் கமான் கட்டு உள்ள வண்டியில் கேஸ்டரை மீட்க, கட்டுக்கும் அச்சுக்கும் இடையே சரிவான ஆப்புத் தகடு வைப்பது வழக்கம். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் படியும் என்பதால், யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, சக்கரக் கோணங்களையும் மறுபடி அளக்க வேண்டும். வண்டியைத் தயாரித்த நிறுவனம் கொடுத்த எல்லைக்குள் கோணங்கள் வரவில்லை என்றால், உயரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டத்தையும் மறக்கலாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே பட்டை சேர்ப்பதற்கு முன், வண்டிக்கு அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றுகிறோமா என்று ஒவ்வொரு உரிமையாளரும் பார்க்க வேண்டும். அளவான பாரத்திலும் பின்பக்கம் மிகவும் அமுங்கினால் பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் அதை மாற்றினாலே போதும், வண்டியை உயர்த்தத் தேவையில்லை.