வகுப்பறையில் பேச வராத குழந்தை

மனநல மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் கூடியுள்ள இந்தக் கருத்தரங்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் திரளாக வந்திருப்பது எனக்குப் பெரும் நிறைவு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு முதல் உதவி உங்களிடமிருந்துதான் கிடைத்தாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, அதன் பத்தாம் பதிப்பில், குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சமூகச் செயல்பாட்டுக் கோளாறுகளை ஒரே தொகுதியாக வைத்தது. அவற்றுள் இரண்டு பற்றுதல் கோளாறுகள். அன்பான பராமரிப்பு கிடைக்காமல் வளர்ந்த குழந்தைகளிடம் காணப்படுபவை. ருமேனியாவின் ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்த குழந்தைகளை புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள், அவர்களை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தபோது பலர் தேறியதைக் காட்டினார்கள். அது பற்றிப் பேச நாளை அமர்வுகள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்த நேரத்தை மூன்றாவதான, சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போகும் செலக்டிவ் மியூட்டிசத்துக்கே தருகிறேன்.

வீட்டில் அந்தக் குழந்தை வாய் ஓயாமல் பேசும்; தங்கையை அதட்டும்; பாட்டியிடம் கதை கேட்டு மறுகதை சொல்லும். பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்லும் வராது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்துவிட்டு, அதன் பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்தால் செலக்டிவ் மியூட்டிசமாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். நூறு குழந்தைகளில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆனால் பள்ளிக்குப் போகும்வரை வீட்டாருக்குத் தெரியாது. பள்ளிக்குப் போன பிறகும், யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை என்பதால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் பட்டாலோ, கல்லுளிமங்கன், அழுத்தக்காரி என்ற பட்டம் கிடைக்கிறது.

இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1877இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், குழந்தை வேண்டுமென்றே பேசாமலிருக்கிறது என்றுதான் கருதினார். அந்த எண்ணம் நூறாண்டுக்கும் மேல் நீடித்தது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைப் பதற்றக் கோளாறுகளோடு சேர்த்தது. உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பும் அப்படியே செய்தது. குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை, பயத்தில் உறைந்து நிற்கிறது என்பது இன்று தெளிவு.

அந்தப் பயம் வளரும் விதத்தைக் கவனியுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். குழந்தை நடுங்கி நிற்கிறது. பக்கத்துப் பிள்ளை, “மிஸ், அவ பேச மாட்டா” என்கிறது. ஆசிரியர் அடுத்தவரிடம் போகிறார். எல்லோருக்கும் நிம்மதி; குழந்தைக்கு எல்லோரையும்விட அதிக நிம்மதி. பேசாவிட்டால் பயம் தணியும் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. மறுபுறம், எழுப்பி நிறுத்தி “சொல்லு, சொல்லு” என்றால் பயம் இரட்டிப்பாகிறது. விட்டுவிடுவதும் கூடாது, விரட்டுவதும் கூடாது என்ற இந்த இடைவெளியில்தான் சிகிச்சையே இருக்கிறது.

அதன் வழி எளிமையானது. பொறுமைதான் அதிகம் வேண்டும். பள்ளி விட்ட பிறகு, காலி வகுப்பில் அம்மாவும் குழந்தையும் விளையாடட்டும். குழந்தை தாராளமாகப் பேசத் தொடங்கியபின் ஆசிரியர் வாசலில், வேறு வேலை பார்ப்பவர்போல் நிற்கட்டும். சில நாள் கழித்து அறைக்குள் வரட்டும்; பிறகு விளையாட்டில் சேரட்டும்; அதற்கும் பிறகு அம்மா மெல்ல விலகட்டும். ஒரு நேரத்தில் இடமோ ஆளோ ஒன்றுதான் மாற வேண்டும். “சிவப்பு வேணுமா, நீலம் வேணுமா?” என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருங்கள். முதல் சொல் வந்ததும் கை தட்டி வகுப்பையே திரும்பிப் பார்க்க வைக்காதீர்கள். எப்போதும் பேசுகிற பிள்ளையிடம் நடந்துகொள்வதுபோல விளையாட்டைத் தொடருங்கள்.

நம் ஆங்கில வழி மழலையர் வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட குழந்தை அங்கே சில மாதம் பேசாமல் கவனித்துக்கொண்டிருப்பது இயல்பு; அதை நோயாக்கக் கூடாது. ஆனால் தமிழ் பேசும் தோழியிடம், விளையாட்டு நேரத்தில், தமிழில்கூட அதற்குப் பேச்சு வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. காதுகேட்கும் திறனையும் மொழி வளர்ச்சியையும் ஆட்டிசத்தையும் சோதித்தறிய வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதற்கு உதவும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பேச வராத குழந்தையை எல்லார் முன்னும் நிறுத்தி வைப்பது மன உளைச்சல் அல்லாமல் வேறென்ன?

இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் ஆசிரியர்களுக்கென்று ஒரே ஒரு பக்கத்தில் நடைமுறைக் குறிப்பைத் தயாரித்துத் தருமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வருகைப் பதிவுக்குக் கை உயர்த்தினால் போதும்; வாய்மொழித் தேர்வுக்கு, குழந்தை சம்மதித்தால், வீட்டில் பதிவு செய்த குரலை ஏற்கலாம் என்பவை அதில் இடம்பெறட்டும். இவற்றுக்கும் முன்னால், முதல் வரியாக, கழிப்பறைக்குப் போக வாய் திறந்து அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஓர் அட்டையைக் காட்டினால் போதும் என்று எழுதுங்கள். கேட்க முடியாமல் பகல் முழுதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு அது நாளைக்கே தேவைப்படுகிறது.