எபிரேய எழுத்தில் ஓர் உறவினரின் பெயர்

இஸ்ரவேல் நாட்டிலே தமக்கு உறவினர் உளர் என்பதை அறிந்தும், அவர் எங்கே வாழ்கின்றார் என்பதை அறியாதார் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பலர். கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதக் குடும்பங்களிலே, ஒரு சகோதரன் அமெரிக்காவுக்கும் மற்றவன் பாலஸ்தீனத்துக்கும் கப்பலேறியது அரிய நிகழ்ச்சியன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர், உறவினரைத் தேடுவோரின் பெயர்களை இஸ்ரவேல் வானொலி வாசித்து வந்தது. அப்பணியில் ஒரு பகுதி இப்பொழுது இணையத்திலுள்ள தொலைபேசி வழிகாட்டிகளுக்கு உரியதாயிற்று. ஆயின் அவ்வழிகாட்டிகளிற் பெரும்பகுதி எபிரேய மொழியிலேயே உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்த பேரனின் கையில் இருப்பதோ, பழைய கடித உறையொன்றில் ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு பெயர்.

எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 22. வலமிருந்து இடமாக எழுதப்படுவன. எண்கள் மட்டும் இடமிருந்து வலமாகவே செல்லும். ஓரிரு நாட் பயிற்சியால் இவ்வெழுத்துக்களை இனங்கண்டு கொள்ளலாம். உண்மையான இடர்ப்பாடு வேறு. உயிரொலிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆதலின் பெயரைக் கண்ணாற் பாராது காதாற் கேட்டே எழுத வேண்டியுளது. அவ்வாறு கேட்டாலும், ஓரொலிக்கு இரண்டு எழுத்துக்கள் குறுக்கிடும். தமிழிலே ககரம் ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்றலை நேயர்கள் அறிவர். அங்கே நிலைமை தலைகீழானது. ககரவொலிக்குக் காஃப், கோஃப் என இரண்டு. தகரவொலிக்குத் தேத், தாவ் என இரண்டு. கோஹன், காட்ஸ், கிளைன் என்னும் பெயர்களுள் கோஹன் ஆங்கிலத்தில் 'சி' கொண்டும், மற்றையவை 'கே' கொண்டும் தொடங்கும். எபிரேயத்திலோ கோஹனும் காட்ஸும் வழக்கமாகக் காஃப் கொண்டு தொடங்க, கிளைன் கோஃபை நாடும். ஆங்கில எழுத்து இங்கே துணைசெய்யாது, வழிதவறச் செய்யும்.

மொஸ்கோவிட்ஸ் என்பார் ஒருவரைத் தேடுவதாயின், சகரத்தை மட்டுமன்றி ஷகரத்தையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். ஹொரொவிட்ஸ் குடும்பத்தில் ஒரு கிளை ருஷ்யாவில் வாழ்ந்திருப்பின், ஹகரம் இல்லாத அம்மொழி அப்பெயரைக் குர்விச் ஆக்கியிருக்கும். எபிரேயத்திலும் அவ்வாறே பதிவாகியிருத்தல் கூடும். மொழிபெயர்ப்புக் கருவியை நம்புவார்க்கு இன்னோர் அபாயமும் உண்டு. கோல்ட் என்னும் பெயரை இட்டால், அது பொன் என்னும் பொருளுடைய 'ஸஹாவ்' என்பதைத் தந்துவிடக்கூடும். அப்பெயருடையவர் வேறொருவர்!

எழுத்து முற்றும் சரியாயினும் பெயரே மாறியிருப்பின் யாது செய்வது? குடியேறியோரிற் பலர் தம் ஐரோப்பியப் பெயரைத் துறந்து எபிரேயப் பெயர் சூடினர். கிரூன் என்பவரே பென் கூரியன் ஆனார். ஷ்கோல்னிக் எஷ்கோல் ஆனார். கோல்டா மையர்சன் 1956இல் மெயிர் ஆனார். தலைவர்கள் செய்ததைக் குடிமக்களும் செய்தனர். 1921 முதல் 1948 வரை பாலஸ்தீனத்தில் சட்டப்படி பெயர் மாற்றிய சுமார் 28,000 பேரின் பட்டியலைக் கரி மொகொடொவ் என்பார் அட்டவணைப்படுத்தினார். எழுத்து வேறாயினும் ஒலி ஒத்த பெயர்களை ஒருங்கு காட்டும் முறையின் தேவையை அப்பணி அவருக்கு உணர்த்திற்று. 1985இல் ராண்டி டேய்ச் என்பாருடன் அவர் வகுத்த ஒலிக்குறி முறை, யூத வம்சாவளி ஆராய்ச்சியில் இன்றும் வழங்குகின்றது. எனினும் சாதாரணத் தொலைபேசி வழிகாட்டி அத்துணை இரக்கம் காட்டும் என எதிர்பார்த்தல் தகாது. ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தேடுவோரே பொறுமையுடன் மாற்றி மாற்றி இடவேண்டும். கைத்தொலைபேசி மட்டும் வைத்திருப்போர் பலர் அங்கே காணப்படமாட்டார்கள்.

எண் கிடைத்தபின் 972 என்னும் நாட்டெண்ணை முதலில் இட்டு, உள்நாட்டெண்ணின் முதற் பூச்சியத்தை நீக்க வேண்டும். எருசலேமின் 02 வெறும் 2 ஆகும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இருளும்வரை சமயப்பற்றுள்ள வீடுகளில் மணி ஒலித்தாலும் எவரும் எடார். ஞாயிறு அங்கே வேலைநாள். ஆதலின் அன்று மாலையில் அழைத்து, உறையிலுள்ள பழைய பெயரையே முதலிற் சொல்லலாம். மறுமுனையில் இருப்பவர் அதனைத் தம் பாட்டனாரின் வாயிலே மட்டும் கேட்டிருத்தல் கூடும்.