வேலைக்கு ஒரு காம்பரா



நம் கொடகவெலயிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். அங்கே வேலை கிடைத்தால் போர்டிங்குக்கும் கடைச் சாப்பாட்டுக்குமே சம்பளம் கரைந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டிலிருந்தே வேலை என்றதும் நம் தாய்மாருக்கு முகம் மலர்கிறது. அது நடக்கிற காரியமா என்று இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள்.

நடக்கும். ஷங்காயில் சீட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம், தொலைபேசியில் பதில் சொல்லும் ஊழியர்களில் ஒரு பகுதியினரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தது. வேலை 13 சதவீதம் கூடியது. விலகிப் போவோர் பாதியாகக் குறைந்தார்கள். முதலாளிக்கு இடச்செலவும் மிச்சம். ஆனாலும் கடைசியில் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அதே நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை என்று வைத்துச் செய்த பிந்திய ஆய்வு 2024இல் வெளியானது. அதில் விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், பதவி உயர்வும் கெடவில்லை. என் மனதுக்கு இந்தக் கலப்பு முறைதான் சரி.

முதல் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் தனி அறை வேண்டும்.

நம் தோட்டத்து லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் தாத்தாவின் கட்டில், தம்பியின் புத்தகம், டிவி. இஸ்தோப்பில் அடுப்பு. பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் இங்கே கேட்கும். அங்கே உட்கார்ந்து வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுவது? இடம் மட்டுமல்ல, கரண்டும் வேண்டுமே: 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போனது. அதே வருஷம் ஜூனில் பெற்றோல் இல்லாமல் அரசாங்க ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். கரண்டும் சிக்னலும் இல்லாத வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி?

2020இல் நாடே ஊரடங்கில் கிடந்தபோதும் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. உங்கள் அம்மாமார் மலையேறிக் கொழுந்து பறித்தார்கள். அந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் வேலையைக் கொண்டுவரலாம்.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கிறேன்: பிள்ளை மடுவத்துக்கு இடம் ஒதுக்கியதுபோல, கதவும் இணையமும் பற்றரியும் உள்ள ஒரு வேலைக் காம்பராவை ஒவ்வொரு தோட்டத்திலும் திறந்து கொடுங்கள். பிள்ளைகளே, நீங்களும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், டேட்டாவுக்கும் கரண்டுக்கும் யார் காசு கொடுப்பது என்று முதலாளியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.