முகவரி கையில் இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த மேடையில சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றித்தான் பேசுவோம். இந்த வருசம் வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசச் சொன்னாங்க. "நமக்கெல்லாம் எதுக்கு அது?"ன்னு பின்னால ஒரு அக்கா கேக்கது காதுல விழுது. வீட்டுல பாஸ்போர்ட் இருக்கிறவங்க கொஞ்சம் கை தூக்குங்க, பாக்கலாம். (பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன.) பாத்தியளா? இதுக்குத்தான்.

நம்ம பெண்கள் மூணு காரியத்துக்கு வெளிநாடு போறாங்க. மகளோ மருமகளோ பிள்ளை பெற்றால் பேறுகாலம் பார்க்க ஒரு மூணு மாசம். குடும்பக் கஷ்டத்துக்கு வீட்டு வேலை, ஆஸ்பத்திரி வேலை, துப்புரவு வேலை. இப்போ கொஞ்ச நாளா, நாலு பேர் சேர்ந்து கோயில், குளம் பார்க்க, ஊர் சுற்ற. நானும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கத் துபாய்க்கும், அப்புறம் மகன் வீட்டுக்குச் சிங்கப்பூருக்கும் தனியாப் போய் வந்தவதான். அந்தப் பழக்கத்துல, போகிற பெண்கள் இப்போ என்கிட்ட வந்து கேக்காங்க. அவங்களுக்குச் சொல்லுததையே இன்னைக்கு உங்க எல்லாருக்கும் சொல்லுதேன்.

நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் வெளிநாடு போறதுன்னா வண்டி பிடித்து பத்துப் பேர் ஏறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரை வழியனுப்பப் போவோம். வெளிநாட்டு விமானத்துக்குச் சாக்கா பக்கம் உள்ள முனையம், உள்நாட்டுக்குச் சங்குமுகம் பக்கம் என்பதுகூட நம்ம டிரைவருக்கு மனப்பாடம். முறுக்கு, அச்சப்பம், நேந்திரங்காய் வத்தல், எண்ணெய் எல்லாம் எடை பார்த்துக் கட்டியிருப்போம். (கொப்பரைத் தேங்காயை மட்டும் வைக்காதீங்க, விமானத்தில் விடமாட்டாங்க. துபாய்க்குக் கசகசா கொண்டுபோனால் அங்கே அது குற்றம்.) ஆக, இந்தப் பக்கம் எல்லா ஏற்பாடும் பலமா இருக்கும்.

அந்தப் பக்கம்? விமானம் இறங்கினதுல இருந்து, தங்குகிற வீட்டுக் கதவைத் தட்டுகிறது வரை உள்ள அந்த ஒன்றிரண்டு மணி நேரம்? அதைப் பற்றி யாரும் யோசிக்கிறதில்லை. "ஏர்போர்ட்ல ஆள் வரும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம். வருகிற ஆளுடைய பஸ் நின்னு போனால் என்ன செய்ய? அவருக்கு லீவு கிடைக்காவிட்டால்? உங்க போன் வேலை செய்யாவிட்டால்? அதனால இன்னைக்கு நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். போய்ச் சேருகிற இடத்தின் முழு முகவரி, உங்க கையில, காகிதத்துல இருக்கணும். அது கிடைக்கிற வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீங்க.

முகவரின்னா எது முகவரி? ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மாதிரி.

துபாயில தபால்காரர் வீடு வீடா வருவதில்லை. கடிதமெல்லாம் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். அதனால "பி.ஓ. பாக்ஸ்" என்று ஒரு எண்ணைக் கொடுத்து இதுதான் முகவரி என்று யாராவது சொன்னால், அது வீடு இல்லை, வெறும் பெட்டி. டாக்சிக்காரரால் அங்கே உங்களைக் கொண்டுபோய் விட முடியாது. கட்டடத்தின் பேர், எந்தப் பகுதி, பக்கத்தில் என்ன கடை அல்லது எந்த மெட்ரோ ஸ்டேஷன், வீட்டு எண், இவ்வளவும் வேணும். அங்கே கட்டட வாசலில் "மக்கானி" என்று 10 இலக்க எண் ஒன்று பலகையில் இருக்கும். அந்த ஒரு எண் போதும், வழி கண்டுபிடிச்சிடலாம். அதை மகளிடமோ முதலாளியிடமோ கேட்டு வாங்குங்க.

சிங்கப்பூரில் இது ரொம்ப எளிது. பிளாக் எண், தெருப் பேர், மாடியும் வீட்டு எண்ணும், கடைசியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. நம்ம ஊரில் ஒரு பின்கோடுக்குள் பல கிராமம் அடங்கும். அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. அந்த ஆறு எண்ணைக் காட்டினால் டாக்சிக்காரர் வாசலில் கொண்டு விடுவார்.

கொழும்பில் பகுதிக்கு எண் உண்டு. கொழும்பு 6 என்றால் வெள்ளவத்தை, கொழும்பு 13 என்றால் கொட்டாஞ்சேனை. இரண்டிலும் நம்ம தமிழ் ஆட்கள் நிறைய. விமானம் இறங்குவது கொழும்பில் இல்லை, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி கட்டுநாயக்காவில். அங்கிருந்து கோட்டைக்கு 187-ஆம் எண் பஸ் வரும். பலகையெல்லாம் தமிழிலும் இருக்கும், பயப்பட வேண்டாம்.

முகவரி டாக்சிக்காரருக்கு மட்டும் இல்லை. இமிக்ரேஷன் கவுண்டரில் இருக்கிற அதிகாரி கேக்கிற முதல் கேள்விகளில் ஒண்ணு, "எங்கே தங்கப் போறே?" என்பதுதான். சிங்கப்பூருக்கு, போகிறதுக்கு முந்தின மூணு நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பணும். அதிலும் தங்குமிட முகவரி கேட்கும். அது இலவசம். அதுக்குக் காசு கேட்கிற இணையதளம் போலி. நம்ம கடை கம்ப்யூட்டரில் நிரப்பும்போது கவனிச்சுக்கங்க.

சரி, முகவரி இருக்கு, இறங்கியாச்சு. இனி என்ன? கூட்டத்தோடு ஓடாதீங்க. பெட்டியை எடுத்த பிறகு, வெளியே வருகிறதுக்கு முன்னால ஒரு ஓரமா நின்னு மூணு காரியம் செய்யுங்க. ஏர்போர்ட் வைஃபையில் போனை இணைச்சு வீட்டுக்கு "வந்துட்டேன்" என்று ஒரு செய்தி. துபாயில வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல்பதிவும் போகும், கால் மட்டும் போகாது. கால் போகலையேன்னு பதற வேண்டாம். இரண்டாவது, அந்த ஊர்க் காசு கொஞ்சம் கையில் எடுத்து வச்சுக்கங்க. மூணாவது, பாஸ்போர்ட் உங்க உடம்போடு ஒட்டின பையில் இருக்கான்னு தொட்டுப் பாருங்க.

வெளியே வந்ததும் "டாக்சி வேணுமா"ன்னு உங்களைத் தேடி வருகிறவர் பின்னால் போகாதீங்க. வரிசையில் நின்னு ஏறுகிற டாக்சிதான் மீட்டர் டாக்சி. துபாய் ஏர்போர்ட்டில் மீட்டர் 25 திர்ஹத்தில் தொடங்கும், பயந்துடாதீங்க, அது அங்குள்ள கணக்கு. கூரை இளஞ்சிவப்பா உள்ள டாக்சியை ஓட்டுவது பெண்கள், பெண்களுக்கும் குடும்பத்துக்குமான வண்டி. பெட்டி குறைவா இருந்தால் மெட்ரோவே போதும். 1, 3 ஆகிய முனையங்களில் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. 2-ஆம் முனையத்தில் கிடையாது. மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டியே இருக்கு. 2009-இல் அந்த மெட்ரோ தொடங்கினதுல இருந்து கைச்செலவு குறைந்த நம்ம மாதிரி ஆட்களுக்குப் பெரிய உதவி.

சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் வரும், 2, 3 முனையங்களுக்கு அடியில். எக்ஸ்போ ஸ்டேஷனில் இறங்கி நீலக் கோடு ரயிலில் மாறினால் நேரே லிட்டில் இந்தியா, நம்ம ஆட்கள் தேக்கா என்று சொல்லுகிற இடம். வழி கேட்கத் தமிழ் போதும். ஆனால் ஒண்ணு, ரயில் நள்ளிரவோடு நின்னுடும். நள்ளிரவுக்கு மேல் காலை ஆறு மணி வரை டாக்சிக்கு மீட்டரில் பாதி கூடுதல். நேரமும் மாறும் என்பதை மறக்காதீங்க. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். நடுராத்திரி இறங்கி, கூப்பிட யாரும் வரவில்லை என்றால் ஏர்போர்ட்டுக்குள்ளேயே விடியும் வரை உட்காருங்க. வெளிச்சமும் போலீசும் கழிப்பறையும் உள்ள இடம் அது. அவசரம் என்றால் இரண்டு ஊரிலும் போலீஸ் எண் 999.

இவ்வளவும் மகள் வீட்டுக்குப் போகிறவங்களுக்கு. வேலைக்குப் போகிறவங்க விசயம் வேற. அதைச் சொல்லத்தான் நான் முக்கியமா வந்தேன்.

நம்ம பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, முந்திரி ஆலையில் வேலை பார்த்தவ, ஏஜெண்ட் ஒருவர் மூலம் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனா. "ஏர்போர்ட்டில் உன் போட்டோவை வச்சுக்கிட்டு ஆள் நிக்கும்"னு சொன்னாங்க. ஆள் நின்னதும் உண்மைதான். அவளைக் கூட்டிட்டுப் போய் ஆறு பெண்கள் இருந்த ஒரு அறையில் விட்டாங்க. பாஸ்போர்ட்டையும் வாங்கிட்டாங்க. சொன்ன வீடும் இல்லை, சொன்ன சம்பளமும் இல்லை. அழுதுக்கிட்டே வீட்டுக்குக் குரல்பதிவு அனுப்பினா. வீட்டுக்காரர் தூதரகத்துக்குப் போன் பண்ணச் சொல்லி ஆள் பிடிச்சார். அங்கே கேட்ட முதல் கேள்வி, "அவங்க எங்கே இருக்காங்க?" யாருக்கும் பதில் தெரியலை. உதவி செய்ய ஆள் இருந்தும், போய்ச் சேர இடம் தெரியலை.

கடைசியில அவ ஜன்னல் வழியாத் தெரிஞ்ச ஒரு கடைப் பலகையைப் போட்டோ பிடிச்சு அனுப்பினா. பள்ளிக்கூடம் படிக்கிற மகன் அதை எழுத்துக் கூட்டிப் படிச்சான். அந்த ஊரில் வேலை பார்க்கிற நம்ம மாவட்டத்துப் பையன்கள் அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. அவ ஊர் வந்து சேர நாலு மாசம் ஆச்சு.

சகோதரிகளே, அந்தக் கடைப் பலகையில் இருந்ததைத்தான் நான் முகவரி என்று சொல்லுதேன். அது முன்னாலேயே அவ வீட்டில் எழுதி வச்சிருந்தால் நாலு மாசம் நாலு நாளா முடிஞ்சிருக்கும்.

அதனால வேலைக்குப் போகிறவங்க இதைக் கேட்டுக்கங்க. பத்தாம் வகுப்பு தேறாதவங்க பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் "இ.சி.ஆர்." என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அப்படிப்பட்டவங்க வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலக அனுமதி வேணும். சென்னையிலும் இருக்கு, நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரத்திலும் இருக்கு. அந்தப் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 30 வயது முடிஞ்சிருக்கணும். 2016-இல் இருந்து அவங்களை அரசு நிறுவனங்கள் மூலமாத்தான் அனுப்பணும். தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கின அயல்நாட்டு மனிதவள நிறுவனம் அப்படிப்பட்டது. முறையாப் போனால் வேலை ஒப்பந்தத்தில் முதலாளி பேரும் முகவரியும் எழுதியிருக்கும். காப்பீடும் உண்டு, இரண்டு வருசத்துக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால் 10 லட்சம். பதிவு பெற்ற ஏஜெண்டே ஆனாலும் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான், அதுக்கு மேல் வாங்கக் கூடாது.

"இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்"னு சொன்னால், உங்க பேரோ போகிற வீடோ எந்தக் கணக்கிலும் இல்லை என்று அர்த்தம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சு வைக்கக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்லுது. அங்கே கஷ்டம் என்றால் இந்தியர்களுக்கான இலவச எண் 800 46342. பேசும்போது, நான் இருக்கிற கட்டடம் இது என்று உங்களால் சொல்ல முடியணும்.

ஒரு குழுவில் நடந்ததையும் சொல்லணும். ஒரு உறுப்பினர் ஏஜெண்டுக்குக் கட்ட 40,000 உள்கடன் கேட்டா. அஞ்சாங்கிளாஸ் படிச்ச ஒரு அக்கா எழும்பி, "ஆள் வந்து கூப்பிடுவாரு, சரி மக்கா. எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு?"ன்னு கேட்டா. பதில் இல்லை. முகவரி வரட்டும், கடன் தாறோம்னு தீர்மானம் எழுதினாங்க. ஏஜெண்டிடம் முகவரி கேட்ட பத்து நாளில் அவர் போன் எடுப்பதையே விட்டுட்டார். அந்த 40,000 இன்னைக்குக் குழுக் கணக்கில் பத்திரமா இருக்கு, அந்தப் பெண்ணும் நம்மளோடு இருக்கா.

அதனால கூட்டமைப்பு முன்னால ஒரு கோரிக்கை வைக்கேன். ஒவ்வொரு குழுவும் ஒரு பயண நோட்டு வைக்கணும். வெளிநாடு போகிற உறுப்பினரின் பாஸ்போர்ட் நகல், விசா நகல், விமான எண், போய்ச் சேருகிற வீட்டு முகவரி, அங்கே உள்ள ஒருவரின் போன் எண், ஐந்தும் அதில் ஏறணும். போய்ச் சேர்ந்த அன்றைக்கே அவ தங்குகிற வாசலை ஒரு போட்டோ பிடிச்சு அனுப்பணும். பயணத்துக்குக் கடன் கேட்டால், முகவரியைப் பார்த்த பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. இதுக்குச் செலவு ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

போகாதீங்க என்று நான் சொல்லலை. போங்க, பேரப்பிள்ளையைத் தூக்குங்க, சம்பாதிங்க, நாலு ஊர் பாருங்க. போகிற இடம் எதுன்னு உங்களுக்கும் தெரியணும், எங்களுக்கும் தெரியணும். இதை இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமா எடுக்கும்படி தலைவி அக்காவைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.