ஏலம் பூக்கும் இடம்



நூலக விழாவில் வீடியோ கேம் பற்றியா என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். நம் ஏலமலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஒவ்வொரு கேமுக்கும் அடியில் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதை எஞ்சின் என்கிறார்கள். பந்து எந்த வேகத்தில் விழ வேண்டும், நிழல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கணக்குப் போடுவது அதுதான். 1993-இல் டூம் வந்தபோது சுவரும் தரையும் காட்டுவதே பெரிய சாதனை. 2022-இல் வெளிவந்த அன்ரியல் எஞ்சின் 5, பாறையின் கீறல் வரை காட்டி, பொழுது சாயச் சாய வெளிச்சத்தையும் உடனுக்குடன் மாற்றுகிறது. 2024-இல் கூகுள் ஆய்வாளர்கள் அதே டூமைப் பழைய எஞ்சின் இல்லாமலே ஓட்டிக் காட்டினார்கள். ஒரு நியூரல் நெட்வொர்க், அடுத்த படம் எப்படி இருக்கும் என்று ஊகித்து, நொடிக்கு 20 படம் வரைந்துகொண்டே போனது. 2025 ஆகஸ்டில் ஜீனி 3 என்ற மென்பொருள் வந்தது. மழையில் நனைந்த மலைப்பாதை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், நாம் உள்ளே நடந்து பார்க்கும்படி அதை உண்டாக்குகிறது. வந்தபோது அது சில நிமிடம்தான் நிலைத்தது. நாளை மணிக்கணக்கில் நிலைக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட எஞ்சினிடம் நம் ஏலத்தோட்டம் கேட்டால் என்ன தரும்? ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆனால் பூப்பது தூரில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில். காயும் அங்கேதான். அதனால்தான் காய் எடுக்கும் அம்மா நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார். ஒரே சரத்தில் முற்றியதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். முற்றியதை மட்டும் கிள்ளிவிட்டு, பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட வேண்டும். அவர் விரலுக்கு அது தெரியும். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகிறாரே, அவருக்குத் தெரிந்ததை நாம் எஞ்சினுக்குச் சொல்லாவிட்டால், அது ஏதோ ஒரு செடியின் உச்சியில் காயைத் தொங்கவிட்டு, இதுதான் ஏலமலை என்று உலகத்துக்குக் காட்டும்.

தெரிந்தவர்கள் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 'வெண்பா' என்ற கேம் சாட்சி. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த்தாயின் அடுப்படிதான் களம். அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2024-இல் அது பாஃப்டா விருது பெற்றது. இட்லித் தட்டு அந்த மேடைக்குப் போகுமென்றால் ஏலச்சரம் ஏன் போகக்கூடாது?

நான் அதிகம் ஆசைப்படுவது வேறொன்று. 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 23 உயிர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற அனல், மேலே நிற்கும் புல்லைத் தீ தொடுமுன்பே காய வைத்துவிடுகிறது. புல்லின் உலர்வு, காற்றின் திசை, சரிவின் செங்குத்து எல்லாவற்றையும் சேர்த்து, இதோ இந்தச் சரிவில் தீ எப்படிப் பரவும் என்று கண்முன் காட்டும் எஞ்சின் நமக்கு வேண்டும். விமானி சிமுலேட்டரில் பழகுவதுபோல, வனக்காவலரும் மலையேற வருகிறவரும் எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்று அதில் பழக வேண்டும். கேம் எஞ்சின் என்ற சொல்லை நான் இவ்வளவு பெரிதாக நினைப்பது இதற்காகத்தான்.

மாணவர்களே, கோடோ என்ற எஞ்சின் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். 2023-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு, நம் தமிழ் எழுத்தின் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் போடுகிறது. ஒரு பொருளைச் சுற்றி வந்து நூறு படம் எடுத்தால் அதை முப்பரிமாண உருவமாக்கும் மென்பொருளும் இருக்கிறது. அடுத்த காய் எடுப்புக்கு அம்மாவோடு, பாட்டியோடு தோட்டத்துக்குப் போங்கள். தூரையும் சரத்தையும் படம் எடுங்கள். எந்தக் காயைக் கிள்ளலாம், எதை விடலாம் என்று அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். சம்மதம் கேட்டு, அவர் பெயரையும் எழுதி, இந்த நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.