சிறு வண்டியும் சிறு பட்டறையும்
(புணே நகர்த் தமிழன்பர்களின் ஆண்டு விழாவில், பட்டறைத் தோழர்கள் மூவர் சார்பில் ஆற்றிய உரை)

இசையும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையில் இரும்பையும் அரத்தையும் பற்றிப் பேச எங்களை அழைத்தமைக்கு முதற்கண் நன்றி செலுத்துகிறோம். நாங்கள் மூவரும் போசரியிலும் சிஞ்ச்வட்டிலும் கருவியறைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமன்று. குற்றங்குறை இருப்பின் பொறுத்தருள்க.

வானொலி அலையால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு வண்டிகளை நீங்கள் மைதானங்களில் கண்டிருப்பீர்கள். இக்கலை புதியதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். இன்று அவ்வித்தை சிறுவர் கைக்கு வந்துவிட்டது. உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு வண்டி. அதற்குள் மோட்டார், பற்சக்கரங்கள், அதிர்வுதாங்கிகள் எல்லாம் உண்டு. பெரிய வண்டிக்குள்ள நோய்கள் அனைத்தும் இச்சிறு வண்டிக்கும் உண்டு என்பதே எங்களை அதன்பால் ஈர்த்தது.

2023ஆம் ஆண்டு கோடையில் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் பேரன் உடைந்த வண்டியொன்றைக் கொண்டுவந்தான். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உறுப்பு, ‘நக்கிள்’ என்பார்கள், இரண்டாகப் பிளந்திருந்தது. அவ்வகை வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டதால் உதிரி உறுப்பு கிடைக்கவில்லை. கட்டைவிரல் அளவே உள்ள ஒரு துண்டுக்காக முழு வண்டியும் பரண்மேல் ஏறவிருந்தது. “தாத்தா, இதைச் செய்ய முடியுமா?” என்று கேட்டான். நாற்பதாண்டுக் காலம் அச்சும் வார்ப்பும் செய்த கைகளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது! எங்களுள் ஒருவர் வீட்டின் பின்புறத்தில் ஒரு பழைய லேத்தும் சிறு மில்லிங் பொறியும் வைத்திருந்தார். அங்கேயே தொடங்கினோம்.

உடைந்த துண்டுகளை ஒட்டி வைத்து, வெர்னியரால் அளந்து, படம் வரைந்தோம். அலுமினியக் கட்டையொன்றை அறுத்துச் சதுரப்படுத்தினோம். அந்த உறுப்பில் 10 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள ஒரு பேரிங் அமர வேண்டும். செருக்கினால் 10 மி.மீ. துளைப்பானையே நேராகச் செலுத்திவிட்டோம். துளைப்பான் தன் அளவினும் சற்றுப் பெரிதாகத் துளைக்கும் என்பது பயிற்சி மாணவனும் அறிந்த பாடம். துளை 10.08 ஆயிற்று; பேரிங் ஆடியது; அரைநாள் உழைப்பு குப்பைக்குப் போயிற்று. இரண்டாம் முறை 9.8 மி.மீ. துளைத்து, பின்னர் ரீமரால் 10க்குக் கொண்டுவந்தோம். பேரிங் விரல் அழுத்தத்தில் வழுவழுவென்று உள்ளே சென்று நின்றது. பையன் முகம் மலர்ந்ததைக் காட்டிலும் எங்கள் முகமே அதிகம் மலர்ந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

வெற்றி மயக்கம் பொல்லாதது. ‘நக்கிள் மட்டும் ஏன்? நெகிழியாலான கைகளையும் அலுமினியத்தில் செய்வோம். இனி இவ்வண்டி உடையவே உடையாது’ என்று முடிவு செய்தோம். அவ்வாறே செய்தும் முடித்தோம். பதினைந்து நாட்களில் வண்டி நடைபாதைக் கல்லில் மோதியது. எங்கள் கை உடையவில்லை, வளையவுமில்லை. ஆனால் அந்த அடி முழுவதும் உள்ளே சென்று, பற்சக்கரப் பெட்டியைப் பிளந்துவிட்டது. பத்து ரூபாய்ப் பொருளைக் காத்து நூறு ரூபாய்ப் பொருளை இழந்தோம்!

அன்பர்களே! இதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். மின்சாரத்தில் ஃபியூஸ் எரிவது வீட்டைக் காப்பதற்காக. பல லேத்துகளில் பெரும் பற்சக்கரங்களைக் காப்பதற்காகவே ஒரு மெல்லிய ஊசியை உடையுமாறு அமைத்திருப்பார்கள். ஒரு பொறியில் எது முதலில் உடைய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் பொறியாளன் கடமையே. வாழ்நாளெல்லாம் அதைச் செய்த நாங்கள் வலிமை என்னும் ஆசையில் மறந்தோம். பின்னர் அக்கைகளை நைலானில் செய்தோம். வளைகிறது, அடியை வாங்கிக்கொள்கிறது, சில வேளை உடைகிறது, மாற்றிவிடுகிறோம்.

அடுத்து வந்தது பற்சக்கரம். 0.6 மாட்யூல் அளவில் 70 பற்கள். வெளிவிட்டம் காண்பதற்குப் பற்களின் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டி மாட்யூலால் பெருக்க வேண்டும்: 72 × 0.6 = 43.2 மி.மீ. டெல்ரின் என்னும் உறுதியான நெகிழியில் வட்டத்தைக் கடைந்துகொண்டோம். பற்களைச் சமமாகப் பிரிக்க டிவைடிங் ஹெட் உண்டு. அதன் பிடியை 40 முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒரு முறை சுற்றும். ஆகவே 70 பற்களுக்கு ஒவ்வொரு முறையும் ஏழில் நான்கு பங்கு சுற்ற வேண்டும். அதாவது 21 துளைகள் கொண்ட வட்டத்தில் 12 இடைவெளிகள் நகர வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுவர். எண்ண வேண்டியது துளைகளை அல்ல, இடைவெளிகளை. பாதி வேலையில் தேநீர் வந்தது, ஊர்க்கதை பேசினோம், திரும்பி வந்து நின்ற துளையையே ஒன்று என்று எண்ணிவிட்டோம். ஒரு பல் மெலிந்தது. முடிவில் கடைசிப் பல் அதே அளவு பருத்தது. வேறுபாடு 0.16 மி.மீ. மட்டுமே. எனினும் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று இடித்து அச்சக்கரம் எங்கள் கவனக்குறைவைப் பறைசாற்றியது.

மறுவாரம் பையன் சொன்னான்: “நான் எண்ணுகிறேன் தாத்தா. நீங்கள் சுற்றுங்கள்.” ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை, எழுபது முறை, எங்களைப் பின்பற்றித் தமிழிலேயே எண்ணினான். வீட்டில் கேட்டால் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் விடை சொல்லும் பிள்ளை அவன். அச்சக்கரம் இன்றும் ஓசையின்றி ஓடுகிறது.

இன்னொன்றும் அப்பட்டறையில் கண்டோம். அங்குலத்தில் எட்டில் ஒரு பாகத்தை நம்மூர்த் தச்சரும் கொல்லரும் ‘நூல்’ என்பர். இங்குள்ள தொழிலாளரோ ‘சூத்’ என்பர். அச்சொல்லுக்கும் நூல் என்றே பொருள். அவ்வளவை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது, இரு மொழிகளும் ஒரே நூலால் அளப்பதைக் கண்டு வியந்தான்.

நாங்களும் அவனிடம் கற்றோம். அவன் கணிப்பொறியில் படம் வரைந்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரி எடுத்து வருவான். உலோகத்தை வெட்டுமுன் பொருத்திப் பார்க்க அது பேருதவி. எனினும் பிஎல்ஏ என்னும் அந்நெகிழி ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் இளகும். கோடை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு பிற்பகல் கிடந்த உறுப்பு அப்பளம் போல் வளைந்து கிடந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பட்டறை விளையாட்டுக்குரிய இடமன்று. சுழலும் பொறியின் அருகே தளர்ந்த உடையும் கையுறையும் ஆகா. சக்கில் சாவியை விட்டுவிட்டுப் பொறியை ஓட்டலாகாது. எங்களுள் ஒருவர் கண்ணாடி அணிய மறந்த ஒரே நாளில் உலோகச் சீவல் கண்ணில் பட்டு மருத்துவரிடம் ஓடினோம். இறையருளால் பார்வை தப்பியது. இவ்வண்டிகளின் லித்தியம் மின்கலங்களைக் காவலின்றி மின்னேற்ற விட்டு உறங்கச் செல்லாதீர்கள். தவறான மின்னேற்றத்தால் அவை தீப்பற்றும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். லேத்துக்குரிய எங்கள் நண்பர் வரும் தைத்திங்களில் ஐந்தாம் மாடி வீட்டுக்குக் குடிபெயர்கிறார். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள அப்பொறி அங்கே ஏறாது. பழைய இரும்பு வணிகர் எடைக்கு விலை பேசிச் சென்றுவிட்டார். இன்று எங்களிடம் பயில்வோர் ஆறு பிள்ளைகள். அவர்களுள் இருவர் பெண்மக்கள். நம் சங்கக் கட்டடத்தின் பின்புறக் கொட்டகையில் உடைந்த நாற்காலிகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அகற்றி அவ்விடத்தை எங்களுக்கு அளித்தால், பொறியைக் கொண்டுவரும் செலவை நாங்கள் மூவரும் ஏற்கிறோம். அந்நாற்காலிகளையும் பழுதுபார்த்துத் தருகிறோம்.

எங்கள் கைகளில் இன்னும் சில ஆண்டுகளே நடுக்கமின்றி இருக்கும். அதற்குள் இத்தொழிலைக் கைமாற்றிவிட விரும்புகிறோம். செயற்குழுவினர் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறோம்.